எத்தனை அடி அகலம்?

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

பிரேசிலில் மழை எப்படி? பூட்ஸ் போடாமல் காட்டுக்குள் இறங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஏற்காட்டில் எல்லோரும் நலம்.

நீ விட்டுப்போன நீல நோட்டை இப்போதுதான் படித்தேன். காட்டைத் துண்டு துண்டாக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க, 1979இல் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் அமேசான் காட்டில் தொடங்கிய ஆராய்ச்சி. 1, 10, 100 ஹெக்டேர் என்று தனித்து விடப்பட்ட காட்டுத் துண்டுகள். அங்கேதான் என் பெண் வேலை பார்க்கிறாள் என்று தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். நீ போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். காற்றும் வெயிலும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வந்தால், 100 ஹெக்டேர் சதுரத்தில் 64 ஹெக்டேர்தான் நடுக்காடாக மிஞ்சும். 10 ஹெக்டேர் சதுரத்தில் ஒன்றரைகூட மிஞ்சாது. அந்தப் பத்தையே 200 மீட்டர் அகலத்தில் நீளமாக இழுத்துவிட்டால் நடுக்காடு என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் ஓரம்தான்.

தீபாவளிக்குப் பிறகு நீ போன் செய்யவில்லை. வேலை அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கட்டும். ஐந்து நிமிடம்கூடவா கிடைக்காது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று நம் சோலையைக் காலடியால் அளந்தேன். ஓடைப்பக்கம் 40 எட்டு வைப்பதற்குள் மறுபுறம் வெளியே வந்துவிட்டேன். சிறு வயதில் நீ கன்னம் வைத்துச் சாய்வாயே, அந்த நாவல்மரத்துப் பாசி காய்ந்து கிடக்கிறது. நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதன் அடியில் உண்ணிச்செடி முளைத்துவிட்டது. காட்டெருமைத் தடம் கம்பிவேலியோடு நின்றுவிடுகிறது.

சித்தப்பா கடனுக்காகத்தான் சோலையின் நடுத்துண்டை விற்றேன் என்று உன்னிடம் சொன்னேன். பொய். அந்தக் கடனை மிளகுப் பணத்திலேயே அடைத்திருக்கலாம். ரொக்கத்தைக் கண்ணில் பார்த்ததும் ஆசைப்பட்டுவிட்டேன். நடுவில் அறுத்தால் இரண்டு பக்கமும் வாடிப்போகும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பெண்பிள்ளைக்குத் தோட்டம் பற்றி என்ன தெரியும் என்று உறவுக்காரர்கள் முன்னால் உன்னை அதட்டினேன். தப்பு என்னுடையது கண்ணு.

வாங்கியவர் இன்னும் கட்டடம் எழுப்பவில்லை. ஓடையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தைத் திருப்பித் தரச் சம்மதிக்கிறார். விற்ற விலைக்குக் கிடைக்காது. உன் கல்யாணத்துக்கு வைத்திருப்பதில் கைவைக்க வேண்டும். அம்மா சரி என்றுவிட்டாள். 30 அடி அகலம் தருகிறேன் என்கிறார். இரண்டு சோலையும் சேர அது போதாது என்றே எனக்குப் படுகிறது. எத்தனை அடி கேட்கட்டும்? தை பிறந்ததும் பத்திரம் எழுத வேண்டும். அதற்குள் சொல். எந்நேரமானாலும் போன் செய்.

பூட்ஸை மறக்காதே.

அப்பா