வேண்டாத பெரிய மரத்தை அகற்ற எண்ணும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தோட்டத்து மரத்தை அகற்றுவது குறித்துப் பலர் கேட்டிருப்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

சொந்த மண்ணில் நிற்கும் மரமானாலும் பல இடங்களில் அனுமதியின்றி வெட்ட முடியாது என்பதால், முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கிளைகள் மின்கம்பியை ஒட்டியிருந்தால், மின் இணைப்பைத் துண்டிக்கும்வரை யாரும் மரத்தில் ஏறக் கூடாது. களிமண் நிலத்தில் மரம் போனபின் மண்ணில் நீர் தங்கி, மண் உப்பி, அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடும். வீட்டைவிட மூத்த மரமானால் பொறியாளரைக் கேட்டபின் கைவையுங்கள்.

சுற்றிலும் சுவர் இருக்கும் இடத்தில் மரத்தை அடியோடு சாய்ப்பது சரிவராது. உச்சியிலிருந்து தொடங்கி, கிளைகளைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்குவதே முறை. கனத்த கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதி அறுபடும்போதே அது தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையை நாராக உரித்துக்கொண்டு அறுப்பவர் பக்கமே திரும்பக்கூடும். ஆகவே அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டு, அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு இயந்திர ரம்பம் பிடிப்பதை, என்னைக் கேட்டால், எவருமே செய்யக் கூடாது. கூலி கூடினாலும் பழகிய ஆளிடம் விடுங்கள்.

அடிக்கட்டையை அப்படியே விட்டால் பல மரங்கள் மீண்டும் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க இயலாவிட்டால், அறுத்த ஈரம் காயுமுன் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் களைக்கொல்லியைப் பூசுங்கள். நடுவிலுள்ள வைரப்பகுதி உயிரற்றது, அங்கே ஊற்றுவது வீண். உப்பைக் கொட்டுவதோ மண்ணைத்தான் கெடுக்கும்.