விடுதலைச் சான்றிதழ் கிடைத்த மறுநாள்

திருவள்ளூர்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக நீ எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது. உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தார் மனிதக் கடத்தலுக்கு எதிரான ஊழியம் ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஆபத்திலிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்த டோனாவூருக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு சும்மா இருக்கலாமா என்று அவர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் டோனாவூரைப் பற்றிப் பேசும்போது, 1901இல் தேவதாசியாக்கப்படாமல் தப்பி வந்து அடைக்கலம் புகுந்த அந்த முதல் சிறுமியைத்தான் நாம் எல்லோரும் சொல்கிறோம். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1951இல் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அடைக்கலம் கொடுத்தது ஒரு நாள் நிகழ்ச்சி. வளர்த்தது ஐம்பது ஆண்டு வேலை.

இங்கே நாங்கள் பார்ப்பது வேறு வகைச் சுரண்டல். ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, செங்கல் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் குடும்பத்தோடு போய், கணக்குத் தெரியாமல் அங்கேயே தங்கிவிடும் மக்கள், பெரும்பாலும் இருளர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். மழையில் கரைந்த கல்லும் மருந்துச் செலவும் தொழிலாளியின் கணக்கில் ஏறும். கடன் மட்டும் குறையாது.

அவர்களை மீட்பது நம் வேலை அன்று என்பதை உன் வாலிபர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் அவருக்குக் கீழுள்ள அதிகாரிகளுக்கும் உரியது. நாம் தகவல் கொடுக்கலாம். குழந்தைகள் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். உணர்ச்சிவசப்பட்டுச் சூளைக்குள் நாமே நுழைந்தால், அன்றிரவே அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வழக்குக்குச் சாட்சியமும் மிஞ்சாது.

கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திட்ட மறுநாள்தான் நம்முடைய வேலை தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் குடிசைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் அரிசிப் பானைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டி, "ஐயா, இதைக் காட்டினால் ரேஷன் கடையில் அரிசி கொடுப்பார்களா?" என்று கேட்டாள். பானையில் அரிசி இல்லை. அவர்களுடைய பழைய கடன் சட்டப்படி செல்லாது என்று அந்தத் தாள் சொல்கிறது. ஆனால் ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் என்று வகுக்கப்பட்டிருக்கும் பெருந்தொகையோ வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை வயிறு காத்திருக்குமா? மேஸ்திரி காத்திருப்பதில்லை, அடுத்த பருவத்துக்கான முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்கிறான்.

எங்கள் தவறு ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு அறுப்பின் பண்டிகையில், மீட்கப்பட்ட ஒரு குடும்பத்தை மேடையேற்றித் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்தோம். பன்னிரண்டு வயதுப் பெண் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சபையார் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, இயந்திரத்தை விற்றிருந்தார்கள். தைக்க அவர்களுக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை. அதன் பிறகு படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். உதவியோடு சேர்த்துப் பிரசங்கமும் செய்வதில்லை. பசியில் இருப்பவனிடம் அரிசியையும் அழைப்பையும் ஒன்றாக நீட்டினால், அவனால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் அவனை நிறுத்துவதைத்தானே சூளைக்காரரும் செய்தார்? இதில் எங்கள் குழுவிலேயே சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

வேதாகமத்தில் நெகேமியா 5ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பார். நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்திவிட்டோம் என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர்; சொந்தச் சகோதரர்கள். எங்கள் ஆலயத்துக்கு ஓடு மாற்றப் பணம் தந்தவர்களில் ஒருவருக்குச் சூளை இருக்கிறது. அவரிடம் கூலிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. காட்டவில்லை; பண்டிகைக்கு அனுப்பும் கேக்கை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆகவே உன் வாலிபர்களைத் தடுக்காதே. ஆனால் அவர்களோடு ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரையும், வங்கியில் வேலை பார்த்த ஒருவரையும் சேர்த்துவிடு. கிட்டார் வாசிப்பவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். மனு எழுதத் தெரிந்தவரைத்தான் நாம் தேடிப் போக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்