ஏழாவது மிதவையின் சிவப்பு முடிச்சு

காசிமேடு,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள சேவியர்,

முதலில் என்னைத் திட்டி முடி, அப்புறம் படி. ரோசி கல்யாணத்துக்கு வரவில்லை. போனும் செய்யவில்லை. மூட்டுவலி என்று மகன் ஆல்பர்ட்டிடம் சொல்லியனுப்பினேன், அதில் பாதிதான் நிஜம். மீதியை நேரில் சொல்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய் கட்டுக்குள் இல்லை. பாக்கியம் அக்கா மீன் ஏலத்தை விட்டுவிட்டாள், மருமகள் கூவுகிறாள், ஆனால் அந்தக் குரல் வராது. முத்து இன்னும் அதே மூணு பக்கம் தண்ணிதான், நாலாவது பக்கம் நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

பொங்கல் கழிந்து தாழங்குப்பத்தில் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். விடியக்காலை கரையில் நடந்தால், கல் கொட்டின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வலைக் குப்பை. அதுக்குள்ளே பங்குனி ஆமை, உயிரோடு. இந்த வருஷம் ஜனவரியில் இந்தக் கரை முழுக்கச் செத்த ஆமையாக ஒதுங்கினது பேப்பரில் வந்ததே, நூற்றுக்கணக்கில். தினமும் பார்த்துப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகப் பழகிவிட்டோம். இது கண்ணைத் திறந்து பார்த்தது. முன் துடுப்பில் வலை நரம்பு சுற்றி, எலும்பு வரைக்கும் அறுத்திருந்தது. மீன் வெட்டுகிற கத்தி வாங்கி வந்து அறுத்துக்கொண்டே வந்தேன். மிதவைக் கயிறு கைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் மிதவையை எண்ணினேன். ஏழாவது மிதவையில் சிவப்பு நூல் முடிச்சு. இரட்டைச் சுற்று, உள்பக்கம் மடக்கினது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்க அம்மா போட்ட முடிச்சை இந்தக் கரையில் வேறு எவனும் போடமாட்டான். என் கடை வலைடா அது.

ராத்திரி ஆமைக் கூடு தேடிக் கரையில் ஆமை நடை போகிற காலேஜ் பசங்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பெண், இருபது வயசு இருக்கும், "யார் வலைன்னே தெரியாதுங்க, கண்டுபிடிக்கவே முடியாது" என்று சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் வாய் பேசிப் பேசியே வலை விற்றவன் நான்.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. பேரனுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு ஆமையைத் தேட ஆரம்பித்தேன். ஆமை என்னை வளைகுடாவில் கொண்டுபோய் விட்டது. சிரிக்காதே. நமக்குப் பூகோளம் எடுத்த லூர்து வாத்தியார் இருந்தால் மூங்கில் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதிருப்பார். "வளைந்து உள்ளே போனால் வளைகுடா, விரிந்து கிடந்தால் விரிகுடா, விழுந்து கிடந்தால் சேவியர்" என்பாரே.

நம்ம பங்குனி ஆமைக்கு உலகத்தில் ஒரே ஒரு பங்காளிதான். மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிறது. கெம்ப் ரிட்லி என்று பேர், கெம்ப் என்கிற ஒரு மீன்பிடிக்காரர் பிடித்துக் கொடுத்ததால் 1880இல் அந்தப் பேர் வைத்தார்கள். (அந்த வளைகுடாவுக்கே போன மாதம் அமெரிக்கா பேரை மாற்றிவிட்டது. நமக்கு மெட்ராஸ் சென்னையானது மாதிரி. ஆமைக்கு யார் போய்ச் சொல்வது?) நம்ம ஆமை ராத்திரி திருடன் மாதிரி வந்து முட்டையிடும், அது பட்டப்பகலில் கூட்டமாகக் கரையேறும். 1947இல் ராஞ்சோ நுவேவோ என்கிற கரையில் ஒருத்தர் படம் பிடித்திருக்கிறார். அதைப் பார்த்துப் போட்ட கணக்கில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 40,000 பெட்டை ஆமை. 1985இல் வருஷம் முழுக்க எண்ணினால் 702 கூடு. முட்டையை மனுஷன் எடுத்தான், தாயை இறால் பிடிக்கிற இழுவை மடி எடுத்தது. ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வரவேண்டும், மடிக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். அப்புறம் அமெரிக்காவில் மடியில் கம்பி வைத்து, ஆமை வெளியேறக் கதவு விட்டார்கள். அது கொஞ்சம் மீண்டது. நம்ம கடல் இறாலை அமெரிக்கா 2019இலிருந்து வாங்காததும் இந்தக் கதவு இல்லாததால்தான். நம்ம சங்கத்தில் இதைப் பேசினால் "வெள்ளைக்காரன் சதி" என்பான் முத்து. நானும் தலையாட்டினவன்தான்.

இப்போது உன்னிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன். நீ பஹ்ரைனிலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது, "கடலே கறுப்பா இருந்துச்சு, நானூறு ஆவுளியா இருக்கும்" என்று கடல்பசுக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாய். மாதா கோயில் திண்ணையில் இருந்த பதினோரு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து நீ புளுகு சேவியர். 1986இல் விமானத்தில் போய் எண்ணினவர்கள் பஹ்ரைன் பக்கம் ஒரே கூட்டத்தில் 600க்கு மேல் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவை விட்டால் ஆவுளியா அதிகம் இருப்பது உன் பாரசீக வளைகுடாவில்தானாம். உன் கணக்கு குறைச்சல்டா. முத்துவிடம் சொல்லியாயிற்று. "இருந்தாலும் அவன் புளுகன்தான்" என்கிறான்.

அந்தக் கடலைப் பற்றி நீ சம்பளம், வெயில் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. சராசரி ஆழம் 35 மீட்டர்தான் என்று தெரியுமா உனக்கு? அத்தனை பெரிய கடல், நம்ம துறைமுக விளக்குக் கம்பத்தை நட்டால் தலை வெளியே தெரியும் போலிருக்கிறது. வெயில் நேராகத் தரை வரைக்கும் இறங்குவதால்தான் கடல்புல் வளர்கிறது, புல் இருப்பதால்தான் ஆவுளியா. கோடையில் தண்ணீர் 35 டிகிரியைத் தொடும். அதிலும் பவளம் பிழைத்துக் கிடக்கிறது. உன் தூத்துக்குடிப் பக்கத்து மன்னார் வளைகுடாப் பவளம் முப்பதைத் தாண்டி ரெண்டு டிகிரி ஏறினாலே வெளுத்துப் போகிறது. 2010லும் 2016லும் அப்படித்தானே ஆனது.

மன்னாரைப் பற்றி நான் உனக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவு என்று படித்தோமே, அதில் ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணிக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்த பாவம் அதில் சேர்த்தி. 1986இல் தேசியப் பூங்கா ஆன பிறகும் வெட்டினார்கள் என்று உன் மாமனாரே சொல்லியிருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் விரிகுடாக் கட்சி ஜெயித்தது. ஆவுளியாவுக்கென்று இந்தியாவில் முதல் காப்பகம் 2022இல் வந்தது பாக் விரிகுடாவில். விரிகுடா! வளைகுடாக்காரன் வாயை மூடு.

தாய்லாந்து வளைகுடாவில் ஒரு வேடிக்கை. அங்கே ஆற்று அழுக்கெல்லாம் வந்து சேர்ந்து அடித்தண்ணியில் மூச்சுக்காற்று குறைந்துபோனதால் நெத்திலியெல்லாம் மேலேயே மேய்கிறதாம். திமிங்கிலம் துரத்திப் பிடிக்காமலும் சாப்பிடப் பழகிவிட்டது. தலையை வெளியே நீட்டி, வாயை அகலத் திறந்து, அப்படியே நிற்கிறது. நெத்திலி தானாகத் துள்ளி உள்ளே விழுகிறது. அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். ஆல்பர்ட் கல்யாணப் பந்தியில் முத்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

சிரித்துவிட்டு யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. வளைகுடா என்பது ஒரே வாசல் வைத்த வீடு. ஆறு கொண்டுவந்து கொட்டுகிற சத்து வெளியே ஓடாமல் உள்ளேயே நிற்பதால்தான் அவ்வளவு மீன், அவ்வளவு இறால். விஷத்தைக் கொட்டினால் அதுவும் உள்ளேயேதான் நிற்கிறது. மிசிசிப்பி ஆறு வயல் உரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து விடுகிறது, பாசி பெருகி, செத்து, அழுகி, தண்ணியில் மூச்சுக்காற்று தீர்ந்து, கோடையில் அங்கே ஒரு செத்த கடலே உண்டாகிறது. 2017இல் அளந்தபோது 22,700 சதுர கிலோமீட்டர். அதே வளைகுடாவில் 2010இல் எண்ணெய்க் கிணறு வெடித்து, பதினோரு பேர் செத்து, 87 நாள் எண்ணெய் கொட்டியது. ஆமை முட்டைகளைக் கூட்டோடு தோண்டிப் பெட்டியில் வைத்து, லாரியில் ஏற்றி, அடுத்த கடலுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கவிட்டார்கள்.

எங்களுக்கு யார் லாரி அனுப்பினார்கள்? 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் வந்தபோது பக்கெட்டால் மொண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்தபோதும் அதே பக்கெட். தங்கச்சி வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, மூணு தடவை வெள்ளையடித்தும் போகவில்லை. கொசஸ்தலை ஆறும் ஒரே வாசல் வீடுதானே. எறாலைத் தடவிப் பிடித்த பொம்பளைகள் இப்போது வேறு வேலை தேடுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் அடுத்தவன் செய்தது. திட்டுவது சுலபம். கலிபோர்னியா வளைகுடா அப்படி இல்லை, அங்கே குற்றவாளி என் சாதி. வலை விற்கிறவன்.

அந்த வளைகுடாவின் வடக்குக் கோடியில் மட்டும் வாக்கீட்டா என்று ஒன்று இருக்கிறது. டால்ஃபினுக்குப் பங்காளி, அஞ்சடிக்கு மேல் வளராது, கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி கறுப்பு வட்டம். 1958இல்தான் உலகத்துக்கே தெரிந்தது. 1997இல் 600க்குக் கொஞ்சம் குறைச்சல். இப்போது பத்து இருந்தாலே அதிகம். பத்து, சேவியர். நம்ம தெருவில் இருக்கிற ஆட்டோவே அதைவிட அதிகம். யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை. அங்கே நம்ம கத்தாழைக்குச் சொந்தக்கார மீன் ஒன்று இருக்கிறது, டோட்டோவாபா, நூறு கிலோ வரை வரும். அதன் நெட்டிக்கு, அதான் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பைக்கு, சீனாவில் தங்க விலை. நம்ம பாம்பன்காரன் கூறல் மீன் கிடைத்தால் குதிப்பானே, அதே நெட்டிக் கதை. அந்த மீனைப் பிடிக்க 1975லிருந்து தடை. தடை இருந்தால் என்ன, ராத்திரி செவுள் வலை இறங்குகிறது, வலையில் வாக்கீட்டாவும் மாட்டிச் சாகிறது. 2017இல் பிடித்துக் காப்பாற்றலாம் என்று போனார்கள், பிடித்ததில் ஒன்று பயத்திலேயே செத்தது. விட்டுவிட்டார்கள்.

அந்தச் செவுள் வலையின் படத்தைப் பார்த்தேன். பெரிய கண், தங்கூசி என்கிற ஒற்றை நைலான் நரம்பு, மஞ்சள் மிதவை. எங்கள் கடை அலமாரியில் ரெண்டாவது தட்டு.

எங்கப்பா பருத்தி நூல் வலையைப் புளியங்கொட்டைத் தோல் காய்ச்சின தண்ணியில் தோய்த்துத் தோய்த்து விற்றவர். அது கடலில் தொலைந்தால் சில மாதத்தில் மக்கிப் போகும். நான் நைலான் கொண்டுவந்தபோது சண்டை போட்டார். "மக்காததை ஏண்டா கடல்ல வுடறே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் விக்கலன்னா பக்கத்துக் கடைக்காரன் விப்பான்." போன வாரம் ஆல்பர்ட் என்னிடம் அதையே சொன்னான். எழுத்துப் பிசகாமல்.

சண்டை இதுதான். அவன் இப்போது மெல்லிசு தங்கூசி மட்டும் இறக்குகிறான். விலை மலிவு, மீனுக்குத் தெரியாது, ஒரே பருவத்தில் கிழியும், கிழிந்தால் நூல் கூலி கொடுத்து யாரும் கோர்ப்பதில்லை, கடலிலேயே அறுத்து விட்டுவிட்டுப் புதுசு வாங்க வருகிறார்கள். வியாபாரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, டீசல் விலைக்கு ஃபைபர் போட்டுக்காரன் கனத்த வலை வாங்கமாட்டான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: கிழிந்த வலையைக் கிலோ கணக்கில் திரும்ப வாங்கிக்கொள், புதுசில் விலை கழித்துக் கொடு. "நாம என்ன பழைய பேப்பர் கடையா வச்சிருக்கோம் நைனா?" என்றான். மூணு நாள் பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்னாமல் போனேன், தப்பு அவன் மேலா என் மேலா என்று பார்க்காமல் உன் தங்கச்சி ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

அதே கலிபோர்னியா வளைகுடாவில் தெற்கே காபோ புல்மோ என்று ஒரு குப்பம். மீன் தேய்ந்து போனதும் ஊர்க்காரர்களே வலையை நிறுத்தி, அரசாங்கத்தைக் கேட்டு 1995இல் பூங்கா ஆக்கினார்கள். 1999இலிருந்து பத்து வருஷத்தில் மீன் எடை நாலு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆல்பர்ட்டிடம் காட்டினேன். "அங்க எத்தினி குடும்பம்? இங்க எத்தினி?" என்றான். பதில் இல்லை என்னிடம். நம்ம 61 நாள் தடைக்காலத்துக்கே வட்டிக்கடையில் நிற்கிறவர்களிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். நீ அவனுக்கு ஞானத்தகப்பன். என் பேச்சு அவனுக்குக் கிழவன் புலம்பல், உன் பேச்சுக்கு இன்னும் எழுந்து நிற்பான். தூத்துக்குடியில் பழைய வலையை எடைக்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று விசாரி. இருந்தால் கிலோ என்ன விலை, கயிறு, ஈயக்குண்டு கழித்தா கழிக்காமலா, லாரி வாடகை யார் தலையில், எல்லாம் எழுது. புண்ணியம் என்று சொன்னால் அவன் காதில் ஏறாது, கணக்கு வேண்டும். நீ கணக்கில் கெட்டிக்காரன், புளுகில் மட்டும்தான் கொஞ்சம் குறைத்துச் சொல்வாய் என்று இப்போது நிரூபணமாகிவிட்டதே.

ஆவுளியா இன்னும் உன் கண்ணில் படுகிறதா? கடைசியாகப் பார்த்தது எந்த வருஷம்? உள்ளதை எழுது, இந்தத் தடவை சிரிக்கமாட்டேன்.

ரோசிக்கும் மாப்பிள்ளைக்கும் ஈஸ்டருக்கு முன்னால் நேரில் வந்து செய்முறை செய்கிறேன். நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ பார்சலில் வருகிறது, மணல் இல்லாதது, பாக்கியம் அக்கா கையாலேயே பார்த்து எடுத்தது.

உன்,
தாஸ்

பி.கு.: அந்தச் சிவப்பு முடிச்சை அறுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உன் தங்கச்சி பார்க்காமல் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். சாயம் போகவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆமையைத் தூக்கிப் போன பசங்களுக்கு நேற்று போன் அடித்தேன். துடுப்பை எடுக்க வேண்டிவந்ததாம், தீனி எடுக்கிறதாம். வலை யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை.