பிரான்சிஸ் ஜான்சனை மீண்டும் ஊதவைத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

பிலடெல்பியாவில் எங்கள் ஊதுகருவி பேண்டு நடத்திய பிரான்சிஸ் ஜான்சன் நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. பேண்டு சார்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எல்லோருக்கும் வந்திருக்கும். ஒத்திகை நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, புளியோதரை கட்டிக் கொடுத்து, அரங்கில் நாற்காலி போட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் தமிழில் எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. "யாருங்க இந்த ஜான்சன்?" என்று பலர் கேட்டீர்கள். சமையலுக்கும் இசைக்கும் நடுவே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஜான்சன் இதே ஊர்க்காரர், கறுப்பினத்தவர், சொந்தமாக பேண்டு நடத்திய இசையமைப்பாளர். 1792இல் பிறந்து 1844இல் மறைந்தார். நாட்டில் அடிமைமுறை இருந்த காலத்திலேயே, 1818இல், அவருடைய நடன இசைத் தொகுப்பு அச்சில் வந்தது. ஊரில் பெரிய வீட்டு நடனமா, படை அணிவகுப்பா, கூப்பிடு ஜான்சன் பேண்டை என்பார்களாம். 1837இல் நான்கு கலைஞர்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். திரும்பி வந்து, அங்கே பார்த்த மாதிரி, மக்கள் உலாவிக்கொண்டே கேட்கும் கச்சேரிகளை இங்கே நடத்தினார். அப்படிப்பட்டவரின் பேண்டை 1843இல் பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு கும்பல் தாக்கியது. இன்று அமெரிக்க பேண்டுக்காரர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது.

அவருடைய மெட்டுகள் கிடைக்கின்றன, பேண்டுக்கு எழுதிய நோட்டு கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். பதிப்பாளர்கள் விற்றது வீட்டில் பியானோ வைத்திருந்தவர்களுக்கு. அதனால் அச்சில் மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டு கைக்கான பியானோ நோட்டு. அவருடைய ஆட்கள் கையெழுத்தில் வைத்திருந்த கிளாரினெட், ஹார்ன், பியூகிள் (எக்காளம் மாதிரி உலோக ஊதுகருவி) என ஒவ்வொரு கருவிக்குமான நோட்டுப் பாகங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கெஃபர் தொகுப்பில் இருக்கும் அச்சுப் பிரதிகளைத் தேடிக் கொடுத்த நூலகத்தாருக்கு முதல் நன்றி. அந்தப் பியானோ பக்கங்களைப் பார்த்து, எந்த வரியை எந்தக் கருவி ஊதியிருக்கும் என்று ஒவ்வொரு பாகமாக எழுதிய எங்கள் பேண்டு மாஸ்டரின் உழைப்பைச் சொல்லி மாளாது. ஓய்வு பெற்ற மனிதர். பணம் பேசவே விடவில்லை.

சாவி (விரலால் அழுத்தும் மூடி) வைத்த பியூகிளை எடுத்து வந்த அன்பருக்குத் தனி வணக்கம். சாதாரண பியூகிளில் சில சுரங்கள்தான் வரும். கருவியின் உடம்பில் துளையிட்டு, சாவியால் திறந்து மூடினால் எல்லா அரைச்சுரங்களும் வந்துவிடும். ஜான்சன் பேர் வாங்கியது இதில்தான். பிறகு வால்வு கார்னெட் (டிரம்பெட் மாதிரி சின்ன ஊதுகருவி) வந்து அதை ஓரங்கட்டியது. எங்கள் கார்னெட்டில் பளபளவென்று கேட்ட மெட்டு, அந்த அன்பர் பியூகிளில் ஊதியபோது கொஞ்சம் மங்கலாக, மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தீயணைப்புக்காரர்களுக்காக ஜான்சன் எழுதிய கோட்டிலியன் என்ற நடன இசையில் பியூகிள் "தீ! தீ!" என்று கத்துவதுபோல் இருந்ததாக ஜான்சன் காலத்தில் கேட்டவர்கள் சொன்னதை, நேரில் கேட்டபிறகுதான் நம்பினேன்.

1824இல், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் வருகைக்காக எழுதிய மார்ச் எனக்கு வெறும் மரியாதைக்கு எழுதினதாகத்தான் படுகிறது. அதற்கு அடுத்த ஆண்டு ஹெய்ட்டியின் விடுதலை அங்கீகரிக்கப்பட்டதைக் கொண்டாடி, அந்நாட்டு அதிபர் புவாயேவுக்குக் காணிக்கையாக்கிய மார்ச் வேறு தினுசு. அடிமைகள் எழுந்து உருவாக்கிய நாட்டுக்கு ஒரு கறுப்பினக் கலைஞர் எழுதியது! அது முடிந்ததும் பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டிய நம்ம அக்காமாருக்கும் நன்றி.

எங்களுக்கு முன்பே வழி போட்டவர்களை விட்டுவிடக் கூடாது. 1970களில் ஜான்சனைப் பற்றி விரிவாக எழுதிய ஆய்வாளர் எய்லீன் சதர்ன், அவர் இசையை ஒலிப்பதிவாக்கிய செஸ்ட்நட் பிராஸ் குழு, இரண்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரிந்திருக்காது.

எழுதிய பாகங்கள் எல்லாம் பேண்டு அலமாரியில் இருக்கின்றன. பள்ளி பேண்டில் ஊதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், பிரதி எடுத்துத் தருகிறோம். ஹெய்ட்டி மார்ச்சில் மூன்றாம் கிளாரினெட் பாகம் சுலபம், முதலாண்டுப் பிள்ளையே வாசித்துவிடும்.

அன்புடன்,
இரண்டாம் கிளாரினெட்காரி