வீதி வெறுமையாக இருந்தது, அதனால்தான் விளையாடினோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த இதழில் 1950களின் இங்கிலாந்துப் புறநகர்ச் சிறுவர் வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். காலையில் வெளிக்கிட்ட பிள்ளைகள் பொழுதுபடத்தான் வீடு திரும்புவார்கள் என்று எழுதியிருந்தது முழு உண்மை. நானும் அப்படித் திரிந்தவள்தான். ஆனால் அதற்குக் கட்டுரையாளர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்துப் பெற்றோர் துணிச்சலானவர்கள், பிள்ளைகளை நம்பினார்கள். இந்தக் காலத்துப் பெற்றோர் பயந்து பயந்து பிள்ளைகளை அறைக்குள் அடைத்து வளர்க்கிறார்கள் என்கிறார். இன்றைய தாய்மார் மேல் இப்படி வீண்பழி போடுவது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

என் அப்பா டொக்டர். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முதலில் தனியாகப் போனவர், 1951இல் அம்மாவையும் ஐந்து வயதுப் பிள்ளையான என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். கொழும்பில் கப்பலேறி லண்டன் துறைமுகமான டில்பரியில் இறங்கினோம். ஹாரோவுக்குப் பக்கத்தில் ரெய்னர்ஸ் லேனில் வாடகை வீடு. மெட்ரோபொலிட்டன் ரயில் கம்பனி தன் பாதையோர ஊர்களை ‘மெட்ரோலாண்ட்’ என்று விளம்பரம் செய்து ஆட்களை இழுத்த பகுதி அது. இரண்டு போர்களுக்கும் இடையில் வயல்வெளியெல்லாம் வீடாகிவிட்டது. நடுச்சுவர் ஒன்றாக இருக்க இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வீடுகள், முன்னால் இடுப்பளவு வேலி, பின்னால் நீளமான தோட்டம். 1961இல் ஊர் திரும்பும்வரை நான் வளர்ந்தது அந்த ஒரு வீதியில்தான்.

அந்த வீதியில் கார் இல்லை என்றே சொல்லலாம். 1951இல் பிரிட்டனில் ஏறக்குறைய ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. பால்வண்டி வரும், பாண்காரர் வருவார், நிலக்கரி மூட்டைகளோடு குதிரைவண்டி வரும். குதிரை லத்தி போட்டால் போதும், மண்வெட்டியும் வாளியுமாக ரோசாச் செடிக்காரர்கள் ஓடிவருவார்கள். உடுப்புக் காயப்போடும் பழைய கயிற்றை இந்தப் பக்க நடைபாதையிலிருந்து அந்தப் பக்க நடைபாதைவரை இழுத்துப் பிடித்து, ஐந்தாறு பேர் ஒன்றாகப் பாய்ந்து விளையாடுவோம். எப்போதாவது ஒரு கார் வந்தால் கயிற்றை நிலத்தில் போட்டு வழிவிடுவோம். ஒக்டோபரில் ஹோர்ஸ் செஸ்நட் மரத்துக் காய்கள் விழும். முள்ளுத்தோலை உரித்தால் உள்ளே மினுமினுக்கிற பழுப்புக் கொட்டை. அதை நடுவில் துளைத்துச் சப்பாத்து நாடாவில் கோர்த்து ஒருவர் தொங்கவிட, மற்றவர் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பார். எது உடைகிறதோ அது தோற்றது. கொட்டை இறுகட்டும் என்று வினாகிரியில் ஊறப்போடுவோம். விரல்மூட்டில் அடிபட்டு வீங்காத பிள்ளை எங்கள் வீதியில் இல்லை.

எங்களை யாரும் பார்க்கவில்லை என்று கட்டுரையாளர் நினைக்கிறார். அப்படியில்லை, வீதி முழுக்கக் கண்தான். கலியாணம் செய்த பெண்கள் ஆசிரியர் வேலையில் இருக்கக்கூடாது என்ற தடை அங்கே நீங்கியதே 1944இல்தான். அரசாங்க உத்தியோகத்தில் 1946இல். தடை போனாலும் வழக்கம் போகவில்லை. எங்கள் வீதியில் பகல் முழுக்க எல்லா வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள். நான் விழுந்து முழங்கால் உடைந்தால் நாலு கதவு திறக்கும். கடைசி வீட்டுக்காரி சமையலறை ஜன்னலைத் தட்டினால் நாங்கள் பெரிய ரோட்டுக்குக் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். லண்டனில் பத்து வருடமும் அடுப்படிதான். திங்கட்கிழமை விடிந்தால் உடுப்புத் தோய்க்கும் நாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, உடுப்பை அவித்து, அலசி, இரண்டு உருளைக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிழிவார். கயிற்றில் போட்ட வெள்ளைச் சட்டையில் புகைக்கரி வந்து படிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. குளிர்காலத்தில் விரலெல்லாம் வெடித்துச் சிவந்திருக்கும். நாங்கள் அனுபவித்த சுதந்திரம் இந்தப் பெண்களுடைய நாட்களை எடுத்துத்தான் எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அரசாங்கம் செய்ததைப் பற்றியும் இல்லை. 1946இலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் மூன்றிலொரு பைன்ட் (ஏறக்குறைய 190 மில்லிலீட்டர்) பால் இலவசமாகக் கிடைத்தது. பனிக்காலத்தில் பால் உறைந்து, ஆடை மேலெழும்பி, போத்தல் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆசிரியை அதைச் சூடாக்கியின் பக்கத்தில் வைத்து இளகவைப்பார். அந்த வெதுவெதுப்பான பாலின் மணம் எனக்கு இன்றுவரை பிடிக்காது. சின்னப் பிள்ளைகளுக்குத் தோடம்பழச் சாறும் மீனெண்ணெயும் கொடுத்தார்கள். 1948இலிருந்து டொக்டரிடம் காட்டக் காசு கட்டத் தேவையில்லை. இனிப்புக்கு இருந்த போர்க்காலப் பங்கீட்டுக் கூப்பன் 1953 பெப்ரவரியில் நீங்கியபோது பிள்ளைகள் கடைவாசலில் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். இறைச்சிக்கு அடுத்த வருடம் ஜூலைவரை கூப்பன் இருந்தது. தட்டுப்பாட்டு நாட்டில் பிள்ளைகளுக்கு முதலில் கொடு என்று யாரோ மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அதன் பலனைத்தான் நாங்கள் குடித்தோம், தின்றோம்.

பயமில்லாத பெற்றோர் என்பதும் சரியில்லை. இளம்பிள்ளைவாத ஊசி 1956இல் வரும்வரை, கோடை வந்தாலே நீச்சல் குளத்துக்குப் போக அம்மா விடமாட்டார். 1952 டிசம்பர் 5ஆம் தேதி இறங்கிய புகைமூட்டம் 9ஆம் தேதிவரை விலகவில்லை. அந்த நாட்களில் நான் வாசற்படிகூடத் தாண்டவில்லை. அப்பா ரயில் நிலையத்திலிருந்து வேலிகளைக் கையால் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தார். மூக்கைத் துடைத்த கைக்குட்டை கறுப்பாக இருந்தது. இறந்தவர்கள் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. பழைய ஆட்கள் இன்றும் ஏங்குகிற, வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் அந்தக் கணப்படுப்பு நெருப்பின் புகையும் அதில் சேர்ந்ததுதான். 1956இல் சட்டம் போட்டுத்தான் அந்தப் புகையைக் குறைக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு பயமும் இருந்தது. 1958இல் மே மாதக் கடைசியில் இலங்கையில் தமிழர்களை அடித்த செய்தி வந்தது. அம்மா வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் லண்டனிலேயே, நொட்டிங் ஹில்லில், கறுப்பு மனிதர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அதன்பிறகு கொஞ்சக் காலம் என்னைத் தனியாக நூலகத்துக்குக்கூட அனுப்பவில்லை. எங்கள் வீதிப் பிள்ளைகள் என்னை விட்டுக்கொடுத்ததில்லை, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதே வீதியில் என் வெள்ளைத் தோழிக்கு இருந்த சுதந்திரம் அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். கார்கள் பெருகப் பெருக என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 1966இல் மட்டும் பிரிட்டனின் ரோடுகளில் 7,985 பேர் இறந்தார்கள். அப்படியொரு காலத்தில் பிள்ளையை வீதியில் விடாத தாயைக் கோழை என்பதா? பிள்ளைகள் விளையாடுவதற்காக வீதிகளை வாகனங்களுக்கு மூடலாம் என்று 1938இலேயே அங்கே தனிச்சட்டம் இருந்தது. அதாவது அந்தப் பொற்காலத்திலும் பல ஊர்களில் வீதி தானாகக் காலியாகவில்லை, காலியாக்கினார்கள். பிரிஸ்டல் நகரில் 2009இல் அயல்வீட்டுத் தாய்மார் இருவர் தங்கள் வீதியைச் சில மணிநேரம் மூடிப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அது பிறகு நாடு முழுக்கப் பல வீதிகளுக்குப் பரவியது. இன்றைய பெற்றோர்தானே அதைச் செய்தார்கள்.

என் மகளும் இப்போது ஹாரோவில்தான் இருக்கிறாள். என் பேத்தி வீட்டுக்குள்ளேதான் விளையாடுகிறாள். மகளுக்கு நம்பிக்கை குறைவா என்று கேட்டால், அவளுடைய வீதியில் இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் கார்கள் நிற்கின்றன, நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பகலில் அந்த வீதியில் ஆளில்லை, எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். எந்த ஜன்னலைத் தட்ட யார் இருக்கிறார்கள்?

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வரிசையில் அடுத்த கட்டுரை வருவதானால், பிள்ளைகளாக இருந்த எங்களிடம் கேட்பதை விட்டு எங்களை வளர்த்த பெண்களிடம் கேளுங்கள். அக்காலத்தில் லண்டனுக்கு வந்த தமிழ்த் தாய்மாரில் இன்னும் இருப்பவர்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வாசகர் வீடுகளில் அப்படி யாராவது இருந்தால், திங்கட்கிழமைக் காலை அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சுருக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு.