விடியற்காலை வலியும் 1-1-1 சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் பலர், ‘பகலில் பரவாயில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு உயிர் போகிறது’ என்கிறார்கள். பல வீடுகளில் இதற்குக் காரணம் மருந்துச் சீட்டில் உள்ள 1-1-1. பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையைக் காலை 8, பகல் 1, இரவு 8 எனச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுகிறார்கள். பகலில் 5 மணி நேர இடைவெளி. இரவிலோ 12 மணி நேரம். மாத்திரை வேலை செய்வது 4 முதல் 6 மணி நேரம்தான். அதையே காலை 6, பகல் 2, இரவு 10 என மாற்றிப் பாருங்கள். பாராசிட்டமாலை வெறும் வயிற்றிலும் போடலாம். சாப்பிட்ட பிறகே போட வேண்டியவை அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்ற வேறு வகை வலி மாத்திரைகள்.

சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ (தேவைப்பட்டால் மட்டும்) என்றிருந்தால், தாங்க முடியாதபோது போடு என்று பொருள் கொள்கிறோம். முதல் இரண்டு வாரம் இது சரிவராது. வலி ஏறிவிட்டால் இறக்குவது கடினம். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். வலிக்குப் பயந்து நடக்காமல் கிடந்தால் மூட்டு இறுகும், காலில் ரத்தம் உறையலாம்.

இன்னொரு சிக்கல், ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. அசெக்ளோஃபெனாக் 100 உள்ள கூட்டு மாத்திரையிலும், டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து 37.5 உள்ளதிலும் பாராசிட்டமால் 325 மி.கி. கலந்தே இருக்கும். அட்டையின் பின்புறம் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சம். மெலிந்த முதியவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். டிரமடால் மலச்சிக்கல் தரும், தலை சுற்றும். வாக்கர் இல்லாமல் எழக்கூடாது.

நடந்து முடித்ததும் ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். தையல் ஆறும்வரை தைலம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். பாட்டி வைத்தியத்தில் அக்கறை உண்டுதான், ஆனால் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று இடுப்பில் ‘டக்’கென்று வலித்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். நிற்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு அனுப்பும்போது 1-1-1 பக்கத்தில் கடிகார நேரத்தையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இயன்முறை மருத்துவர்,
மதுரை.