அந்தத் தட்டுக்கு முன்னால் ஓர் அட்டை வையுங்கள்

அன்புள்ள சாக்லெட் கடை உரிமையாளருக்கும், உங்களைப் போலவே கையால் செய்து விற்கும் மற்ற கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை என் மகளோடு உங்கள் கடைக்கு வந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் எங்கள் முகம் ஞாபகம் இருக்காது. "இதில் ஹேசல்நட் இருக்கிறதா?" என்று மூன்று தடவை கேட்டு, வரிசையில் பின்னால் நின்றவர்கள் முகம் சுளிக்கும்படி செய்த அம்மா என்று சொன்னால் உங்கள் ஆட்களுக்கு நினைவு வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கடை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கதவைத் தள்ளியதும் அடிக்கிற மணி, உள்ளே கால் வைத்ததும் வருகிற கொக்கோ வாசனை, கூரையைத் தொடும் மர அலமாரி, பித்தளைத் தராசு, இரண்டு பாதியாகத் திறக்கிற பழைய தகர அச்சுகள். ஈஸ்டருக்குச் செய்கிற, உள்ளே கூடாக இருக்கும் சாக்லெட் முட்டையை பிரிட்டனில் ஃப்ரை என்ற சாக்லெட் நிறுவனம் 1873-இல் செய்து விற்றது. அதே வேலையை இன்றும் ஒருவர் கண்ணெதிரே கையால் செய்கிறார் என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது? இரண்டு பாதிகளின் ஓரத்தையும் லேசாக உருக்கி ஒட்டி, மேலே வெள்ளை சாக்லெட்டால் பெயர் எழுதுகிறவரை என் மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். ஏழு வயதுதான். தவக்காலம் முழுக்க இனிப்பைத் தொடாமல் இந்த முட்டைக்காகவே காத்திருந்தவள்.

அவளுக்கு ஹேசல்நட் என்கிற கொட்டை அலர்ஜி. மூன்று வயதில் ஒரு கடி பிஸ்கட்டுக்கு உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து, அலர்ஜி முற்றினால் உடனே போட வேண்டிய எபினெஃப்ரின் ஊசி இரண்டு என் கைப்பையை விட்டு இறங்கியதில்லை.

உங்கள் தட்டுகள் எதற்கு முன்னாலும் ஓர் எழுத்து இல்லை. கேட்டேன். "வெறும் பால் சாக்லெட்தான், ஒன்றும் இருக்காது" என்றார் கவுண்டரில் இருந்த பெண். "இருக்காது" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் நடுவில்தான் எங்கள் வீட்டு வாழ்க்கையே ஓடுகிறது. மறுபடி கேட்டேன். பின்கட்டில் விசாரித்துவிட்டு வந்து இல்லை என்றார். பெயர் எழுதியாயிற்று. பையில் போடும் நேரம் அவர் எடுத்த இடுக்கியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு, ஹேசல்நட்டைச் சர்க்கரையோடு அரைத்துச் செய்கிற பிரலைன் எடுத்துப் போட்ட அதே இடுக்கி, அதன் நுனியில் பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "துடைத்துத் தருகிறேன்" என்று ஏப்ரனில் துடைத்தார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

பெயர் எழுதிவிட்டதால் பணத்தைக் கொடுத்துவிட்டு முட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். மகள் அழவில்லை. வாசலில் நின்று, "அம்மா, என் பேர் எழுதினத இனி யாருக்குக் கொடுப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இதில் இல்லை. சாக்லெட்டில் தண்ணீர் பட்டால் கட்டிதட்டிவிடும் என்பதால் அச்சையும் பாத்திரத்தையும் அடிக்கடி கழுவ முடியாது, துடைத்துத்தான் அடுத்த கலவையை ஊற்றுகிறீர்கள். காலையில் ஊற்றிய பிரலைனின் மிச்சம் மதியம் ஊற்றும் பால் சாக்லெட்டில் வரலாம். கியாண்டூயா என்ற சாக்லெட் வகை என்றால் கேட்கவே வேண்டாம், ஹேசல்நட்டை விழுதாக அரைத்துக் கலந்திருப்பதால் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன், ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஓர் அட்டை வையுங்கள். எதில் என்ன இருக்கிறது, எது எந்த அச்சில் ஊற்றியது என்று எழுதுங்கள்.

பொட்டலத்தில் வருவதை வாங்க வேண்டியதுதானே என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் நிம்மதி இல்லை. வருடம் முழுக்க வாங்குகிற அதே சாக்லெட், ஈஸ்டர் வந்ததும் முட்டை வடிவத்தில் வேறொரு இடத்தில் தயாராகி வந்தால் அதன் பொருள் பட்டியலே மாறியிருக்கும். பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பால் சேர்த்ததாக எழுதாத 88 டார்க் சாக்லெட்டுகளைச் சோதித்து, 51-இல் பால் இருந்ததாக 2015-இல் சொன்னது. சிலர் எல்லாவற்றின் மேலும் "இருக்கலாம்" என்று அச்சடித்துவிட்டுக் கை கழுவிக்கொள்கிறார்கள். இத்தனையும் படித்துப் பார்த்து வேண்டாம் என்றால், பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள் என்று எங்களுக்குத்தான் பேச்சு. பிறந்தநாள் வீடுகளில், பள்ளியில், சொந்தக்காரர்கள் முன்னால் என்று இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சரி, இதெல்லாம் உங்கள் மேல் கொட்ட வேண்டிய கோபம் இல்லை, மன்னியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்தே, பொட்டலம் கட்டாமல் சில்லறையாக விற்கும் உணவிலும் 14 வகை அலர்ஜிப் பொருட்கள் இருந்தால் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் சட்டம் என்ன சொன்னாலும், ஓர் அட்டை எழுத யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. ஈஸ்டர் எந்த வருடமும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில்தான் வருகிறது, அதற்கு வாரக்கணக்கில் முன்பே அச்சுகளை எடுத்து வைத்துத் தயாராகிறீர்கள். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அப்புறம், கொட்டை உள்ளவற்றுக்குத் தனி இடுக்கி ஒன்று.

அட்டையில் "ஹேசல்நட் உண்டு" என்றே எழுதியிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. எல்லாத் தட்டிலும் அதுவே இருந்தாலும் சரி, மணி அடிக்கிற அந்தக் கதவைத் திறந்து அச்சுகளைப் பார்த்துவிட்டு வருவோம், அவளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வருவேன். தெரியாமல் நிற்பதுதான் முடியவில்லை. தயவுசெய்து அட்டை வையுங்கள்.

அடுத்த ஈஸ்டருக்கு அவளுக்கு எட்டு வயது, தானே நன்றாகப் படிப்பாள். முடிந்தால் அவள் கண் உயரத்துக்கு வையுங்கள்.

நன்றியுடன்,
பெயர் எழுதிய முட்டையை விட்டுவிட்டுப் போன சிறுமியின் அம்மா